கோ-பிட்வீன்ஸ் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலிய ராக் என்றால் ஏசி/டிசி, இன்எக்ஸ்எஸ் என்று பட்டென்று சொல்வார்கள். தி கோ-பிட்வீன்ஸ் என்றால் பலருக்கும் தெரியாது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பழகிய ராபர்ட் ஃபார்ஸ்டரும் கிராண்ட் மெக்லெனனும் 1977-ல் பிரிஸ்பேனில் தொடங்கிய குழு இது. இன்டி ராக்கில் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசையில்) பாட்டெழுத்து என்று பேச்செடுத்தால் நான் முதலில் சொல்லும் பெயரும் இதுதான். பரிந்துரையைக் கேட்டுப் போய்ச் சிலர் ஏமாந்து திரும்புகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அவர்கள் கேட்ட விதம்தான் காரணம்.

முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகப் போவது நல்ல பழக்கம்தான், ஆனால் இவர்களிடம் அது வேண்டாம். 'செண்ட் மீ எ லல்லபை' கரடுமுரடானது. கிதார் வெட்டி வெட்டிப் போகும், மெட்டு எளிதில் கைக்குச் சிக்காது. இரண்டாவது ஆல்பமான 'பிஃபோர் ஹாலிவுட்'டில் (1983) தொடங்குங்கள். குழுவில் மூன்றே பேர் இருந்தபோது இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் பதிவு செய்தது. மெட்டுதான் முக்கியம் என்பவர்கள் '16 லவ்வர்ஸ் லேன்' (1988) பக்கம் போகலாம். முதல் ஆல்பம் பிறகு தானாகப் பிடித்துவிடும்.

அடுத்த தவறுதான் பெரியது: வேறு வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடுவது. அப்படிக் கேட்டால் '16 லவ்வர்ஸ் லேன்' ஆல்பத்தின் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' வெயில் அடிக்கிற ஒரு சுற்றுலா விளம்பரப் பாட்டுபோலக் காதைத் தாண்டிப் போய்விடும். பளபளக்கும் அக்கூஸ்டிக் கிதார், குழுவில் இருந்த அமாண்டா பிரவுனின் இனிமையான பின்குரல். ஆனால் அதே மெட்டுக்குள் கசாப்புக்காரன் கத்தி தீட்டுகிறான். அந்த ஊர் முழுக்க அடிவாங்கும் மனைவிகள் இருக்கிறார்கள் என்கிறது ஒரு வரி. மெக்லெனன் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வரியைத் தவறவிட்டால் பாட்டில் பாதி போச்சு.

'பிஃபோர் ஹாலிவுட்'டில் வரும் 'கேட்டில் அண்ட் கேன்' இன்னும் கவனம் கேட்கும். குயின்ஸ்லாந்துக் கரும்புக்காடு வழியாகப் பள்ளிவிட்டு வரும் ஒரு பையன், தகரமும் மரமும் வைத்துக் கட்டிய வீடு, வானத்திலிருந்து உதிரும் கரித்துகள். அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பார்கள், அதில் பறக்கும் சாம்பல் அது. பிறகு அப்பாவின் கைக்கடிகாரத்தைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்த சிறுவன். மெக்லெனனின் அப்பா அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார் என்பது தெரிந்தால் அந்தக் கடிகாரத்தின் கனம் புரியும். தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், நான்கு நான்காக அடங்காது. ஐந்து, இரண்டு, நான்கு என்று பதினொரு அடிகளாகச் சுற்றும். ஏதோ இடறுகிறதே என்று முதல் தடவையே நிறுத்திவிடாதீர்கள். நினைவு தடுக்கித் தடுக்கி வருவதைத் தாளமே செய்து காட்டுகிறது.

அந்தத் தாளத்தைத் தாங்குபவர் குழுவின் டிரம்மர் லிண்டி மாரிசன். 'ஃபார்ஸ்டர்–மெக்லெனன் குழு' என்று எழுதி அவரை ஓரங்கட்டுவது விமர்சகர்களே செய்த அநியாயம். 'பிஃபோர் ஹாலிவுட்' முழுவதையும் ஒருமுறை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாட்டுகளின் வளைவுக்கு ஏற்ப அவர் வாசிப்பது எவ்வளவு யோசித்த வாசிப்பு என்று தெரியும்.

ஃபார்ஸ்டரா, மெக்லெனனா என்று கட்சி கட்டுவதும் வேண்டாம். மெக்லெனனின் மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும். ஃபார்ஸ்டரின் குரல் வறண்டது, கொஞ்சம் நாடகத்தனம் உண்டு, பழக நாள் பிடிக்கும். ஒருவர் பாட்டை அடுத்து இன்னொருவர் பாட்டு வரும்போதுதான் இரண்டுக்குமே முழு அர்த்தம். அதனால் ஷஃபிளை அணைத்துவிட்டு ஆல்பமாகக் கேளுங்கள்.

'ஹிட்டே இல்லாத பாவப்பட்ட குழு' என்ற கதையோடு உள்ளே போகாதீர்கள். பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் ஒரு பாட்டும் போகவில்லை என்பது உண்மைதான். பிரிஸ்பேன் ஆற்றின் குறுக்கே 2010-ல் திறந்த பாலத்துக்கு 'கோ பிட்வீன் பிரிட்ஜ்' என்று இவர்கள் பெயரையே வைத்தார்கள் என்பதும் உண்மை. பரிதாபத்தோடு கேட்டால் இவர்களின் குறும்பும் துணிச்சலும் காதில் விழாது.

கடைசியாக, 1989-ல் குழு கலைந்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ஃபார்ஸ்டரும் மெக்லெனனும் 2000-ல் புதிய ஆட்களோடு திரும்பி வந்து மூன்று ஆல்பங்கள் செய்தார்கள். அவற்றில் 'ஓஷன்ஸ் அபார்ட்' (2005) பழைய எதற்கும் சளைத்ததல்ல. அதிலுள்ள 'ஃபைண்டிங் யூ' மெக்லெனனின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்பேன். அடுத்த ஆண்டு மே மாதம், 48 வயதில் அவர் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து எழுதிய மூன்று பாட்டுகளை ஃபார்ஸ்டர் 2008-ல் தன் தனி ஆல்பமான 'தி இவாஞ்சலிஸ்ட்'டில் பாடியிருக்கிறார். 'ஓஷன்ஸ் அபார்ட்' முடிந்ததும் அடுத்து அதைப் போடுங்கள்.