கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்பதுதான் கணக்கு. அங்கே 20 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 240 வாட், அவ்வளவுதான். பிராசசரும் கார்டும் இதற்குள்தான் காலம் தள்ள வேண்டும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை எடுத்துக்கொள்வோம். அது 170 வாட் கேட்கும். ஐ5 12400எஃப் பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தே 287. மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 350-ஐ ஒட்டி வரும். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். அதிகம் என்று தோன்றும். ஆனால் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும், அதற்கும் இடம் வேண்டும்.

அப்புறம், கார்டில் செருகும் கரண்ட் கேபிளில் எத்தனை பின் (pin) என்று பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. உங்களிடம் 8 பின் இல்லையென்றால் கடையில் சாட்டா கன்வெர்ட்டர் (டிஸ்க்குக்குப் போகும் கரண்ட் பிளக்கை 8 பின்னாக மாற்றும் கேபிள்) ஒன்றை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். அதில் 150-ஐ ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை, மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளக் என்னவோ அழகாகப் பொருந்தும், டிஸ்க்தான் புகையும்.