உலக சினிமா பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

உலக சினிமா பார்க்கக் கிளம்பும் பலர் இரண்டாவது படத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டியலை முதல் எண்ணிலிருந்து பிடித்ததுதான் பெரும்பாலும் காரணம். இப்படிப் போய்ப் பாருங்கள்.

1. ஒரே ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வெளியிடும் உலகின் சிறந்த படங்களின் பட்டியல் போதும். 2022-இல் 1,639 பேர் வாக்களித்தார்கள்.

2. முதலிடத்தில் இருப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 2022-இல் அங்கே வந்தது பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மனின் 'ஜான் டீல்மன்' (1975). 3 மணி 21 நிமிடம் ஓடும். மகத்தான படம், ஆனால் தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

3. இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1952-இல் முதலிடம் பிடித்த படம் இதுதான். போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது திருடு போகிறது. அப்பாவும் சின்னப் பையனும் ரோம் நகரத் தெருக்களில் அதைத் தேடி அலைகிறார்கள். அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அடிக்கடி பையனின் முகத்தைக் கவனியுங்கள், கதை அங்கேதான் நடக்கிறது. இத்தாலிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங் வேண்டாம்.

4. அடுத்த படத்தை முந்தைய படமே காட்டட்டும். லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான், நிஜ இடங்களில் புதுமுகங்களை வைத்துப் படமெடுக்க முடியும் என்ற துணிவு சத்யஜித் ராய்க்கு வந்தது. ஆகவே 'பதேர் பாஞ்சாலி' (1955). அப்புறம் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950), கையோடு அதன் பாதிப்பில் எஸ். பாலசந்தர் எடுத்த நம் 'அந்த நாள்' (1954). ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் உத்தி இரண்டிலும் எப்படி வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே தனி இன்பம்.

5. இனி மெதுவான படங்களுக்கு வரலாம். இன்னொரு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953): வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. கேமரா தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலேயே இருக்கும், அநேகமாக நகரவே நகராது. "எப்போது ஏதாவது நடக்கும்?" என்று காத்திருக்காதீர்கள். யார் யாரிடம் என்ன சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேளுங்கள். விதவை மருமகளாக வரும் செட்சுகோ ஹாராவின் புன்னகைக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

6. இப்போது 'ஜான் டீல்மன்'. போனை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்கள்: சமையல், பாத்திரம் கழுவுதல், கடைக்குப் போய்வருதல், பகலில் வந்துபோகும் ஆண்கள். முதல் நாள் ஒழுங்கை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகும்போது உங்களுக்கே பதற்றம் வரும்.