ஐடி வேலையை விட்டு கன்ஸ்மித் ஆகலாமா? அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வருடக்கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்த பிறகு, கையால் ஏதாவது செய்து பிழைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. வேட்டைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் கன்ஸ்மித் தொழில், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை அறிமுகமானது. ஒரு கோடையில் ஒரு வாரப் பயிற்சிக்கும் போய்வந்தேன். அதிலிருந்து, இந்தத் தொழிலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பித் தொழிலை மாற்றாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை கிடையாது. சரி, கார்டுக்காகக் காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது? செய்ய நிறைய இருக்கிறது.

ஏனென்றால் இந்த வேலையில் முக்கால்வாசி இரும்பு வேலை, அதைத் துப்பாக்கி இல்லாமலே பழகலாம். நன்றாகக் குறிபார்த்துச் சுடுவது வேறு, கழற்றிய போல்ட்டில் (துப்பாக்கிக் குழாயின் பின்பக்கத்தை மூடும் பாகம்) எந்த முனை தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடிப்பது வேறு. ஊரில் ஐடிஐ ஃபிட்டர் படித்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆரம்பத்தில் எத்தனை நாள் அரம் போட வைத்தார்கள் என்று சொல்வார். இங்கும் அப்படித்தான். நான் போன வகுப்பில் முதல் நாள் காலையில் ஆளுக்கொரு தீப்பெட்டி அளவு இரும்புக் கட்டியைக் கொடுத்து, ஆறு பக்கமும் மட்டமாக்கச் சொன்னார்கள். மட்டப்பலகையில் நீல மையை மெல்லிசாகத் தடவி, கட்டியை அதன் மேல் தேய்த்து எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த இடத்தில் இரண்டு முறை அரத்தைத் தள்ளிவிட்டு மறுபடி மை, மறுபடி அரம். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் மயிரிழை போல வெளிச்சம் தெரியும், அது தெரிகிறவரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். மாலைக்குள் எனக்கு இரண்டு பக்கம்தான் முடிந்தது, உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் அன்றைக்கு மணி பார்க்கவே தோன்றவில்லை, அதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொண்டேன்.

நம் பட்டறைகளில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இங்கே பேச்சு ‘தௌ’ கணக்கில், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், சேம்பருக்குள், அதாவது குழாயின் பின்முனை அறைக்குள், தோட்டா உட்காரும் இடைவெளியை ‘கோ’, ‘நோ-கோ’ என்று இரண்டு கேஜ் (அளவுக்கட்டை) வைத்துப் பார்ப்பார்கள். முதலாவதை வைத்தால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கியை அப்படியே திருப்பிக் கொடுக்கக் கூடாது, இடைவெளி மிக அதிகமாக இருந்தால் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்கே வரலாம். இன்னொருவர் உயிர் நீங்கள் எடுக்கும் அளவில் இருக்கிறது.

அதனால் வேலையை விடாமல், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர மெஷினிங் வகுப்பில் சேருங்கள். லேத், மில்லிங், மைக்ரோமீட்டர், கொஞ்சம் வெல்டிங். எச்-1பியில் இருப்பவர்களும் பகுதிநேரமாகப் படிக்கலாம். கன்ஸ்மித் ஆகாவிட்டாலும் லேத் தெரிந்தவருக்கு வேறு வேலை இருக்கிறது.

அது பிடித்திருந்தால் அப்புறம் கோடைக்காலக் குறுகிய வகுப்பு ஒன்று. கொலராடோவில் டிரினிடாட் ஸ்டேட், ஓக்லஹோமாவில் மரே ஸ்டேட், வட கரோலினாவில் மான்ட்கோமரி கம்யூனிட்டி காலேஜ், கலிபோர்னியாவில் லாசன், இவையெல்லாம் இந்தத் தொழிலில் பெயர் பெற்ற கல்லூரிகள். டிரினிடாடிலும் லாசனிலும் 1940களிலேயே இந்தப் படிப்பு வந்துவிட்டது. முழுப் படிப்புக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஒதுக்க வேண்டும், பிட்ஸ்பர்க்கில் உள்ள பென்சில்வேனியா கன்ஸ்மித் ஸ்கூலில் 16 மாதம். ஆன்லைனிலும் சான்றிதழ் தருகிறார்கள். சட்டமும் உதிரிபாகப் பெயர்களும் அதில் படிக்கலாம், அரம் பிடிக்கும் கையைத் திரை பார்த்துப் பழக முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உரிமம் பற்றி. உரிமம் உள்ள கடையில் சம்பளத்துக்கு வேலை செய்தால் உங்களுக்குத் தனிக் கூட்டாட்சி உரிமம் வேண்டாம். சொந்தமாகத் தொடங்கினால், துப்பாக்கித் தொழிலைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் தரும் 01 வகை உரிமம் வேண்டும்: மூன்று வருடத்துக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. கைரேகை, போட்டோ, நேரில் வந்து விசாரணை எல்லாம் உண்டு. வீட்டு கராஜில் நடத்தலாம், ஆனால் அந்த இடத்தில் தொழில் செய்ய ஊர் விதி அனுமதிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே நகராட்சியில் கேட்டுவிடுங்கள். நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனியாக ஒரு உரிமமும் கேட்கும். வாடிக்கையாளர் காத்திருக்க அன்றே சரிசெய்து அவரிடமே கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. இரவு உங்களிடம் தங்கினால் யாருடையது, என்ன மாடல், வரிசை எண் எல்லாம் ஏற வேண்டும். ஏடிஎஃப் ஆட்கள் சோதனைக்கு வந்தால் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

வருமானம் ஐடி சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. கடைக்கு வருவதில் பெரும்பாலானவை சுத்தம் செய்வது, ஸ்கோப் பொருத்துவது, தாத்தா விட்டுப்போன துருப்பிடித்த ஷாட்கன். மான் வேட்டைக்கு முந்தைய வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, குளிர்காலம் முடிந்தால் மந்தம். ஒரு வருடச் செலவையாவது சேமித்துவிட்டு இறங்குங்கள், கருவிக்கும் காப்பீட்டுக்கும் தனியாக வையுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் நேரில் போங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு லேத், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் மாணவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போய், அவர்கள் கையால் செய்த ஒரு பாகத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.