வெப்பமா வெப்பநிலையா? குழம்பாம பிரிச்சுப் பார்க்கிறது எப்படி

ஃபிசிக்ஸ் கணக்குல வெப்பம், வெப்பநிலை ரெண்டும் ஒரே வரியில வந்தா நிறைய பேர் அங்கயே தடுமாறிடுறாங்க. டெஃபனிஷனை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, பொருளை மனசுக்குள்ள ரெண்டா பிரிச்சுப் பாருங்க. 60 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி இருக்கு, அதை ரெண்டு பாத்திரத்துல அரை அரை லிட்டரா ஊத்துறீங்க. தெர்மாமீட்டர் வச்சா ரெண்டுலயும் 60 தான் காட்டும், 30 காட்டாது. ஆனா அது 20 டிகிரிக்கு ஆறுறதுக்குள்ள வெளிய விடுற ஆற்றல், முழு லிட்டரும் விட்டிருக்கிறதுல சரியா பாதி தான். பிரிச்சாலும் மாறாதது வெப்பநிலை, பிரிச்சா குறையுறது வெப்பக் கணக்கு. இந்த ஒரு டெஸ்ட்டை கையில வச்சுக்கிட்டாலே பாதி கேள்விக்கு பதில் வந்துடும்.

ஏன் அப்படின்னா, பொருளோட மூலக்கூறுகள் சும்மா இருக்காது, ஆடிக்கிட்டோ ஓடிக்கிட்டோ தான் இருக்கும், ஒரு மூலக்கூறுக்கு சராசரியா எவ்வளவு இயக்க ஆற்றல் இருக்குங்கிறதை தான் வெப்பநிலை சொல்லுது. சராசரிங்கிறதால அளவு கூடினாலும் குறைஞ்சாலும் அது மாறாது. வெப்பம்ங்கிறது சூடான இடத்துலருந்து சூடு கம்மியான இடத்துக்கு போற ஆற்றல், அதை ஜூல்ல அளக்கிறோம். போயிக்கிட்டு இருக்கும்போது மட்டும் தான் அதுக்கு அந்த பேர், அதனால "இந்த இரும்புல இவ்வளவு வெப்பம் இருக்கு"ன்னு எழுதாதீங்க, உள்ள இருக்கிறது அக ஆற்றல். கிரைண்டிங் மெஷின்ல பறக்கிற தீப்பொறி 1000 டிகிரியைத் தாண்டும், ஆனா நிறை ரொம்ப ரொம்ப கம்மி, அதனால அது கொடுக்கக்கூடிய ஆற்றலும் கொஞ்சம் தான். (அதுக்காக கையைக் கொண்டு போய் நீட்டாதீங்க, கண்ணுக்கு ஒரு பொறி போதும்.)

இப்போ செஞ்சு பாருங்க. 80 டிகிரி தண்ணி 100 கிராம், 20 டிகிரி தண்ணி 100 கிராம், ரெண்டையும் தெர்மோகோல் கப்ல கலந்து கிளறுனா 50 கிட்ட வரும், கப்பும் காத்தும் கொஞ்சம் எடுத்துக்கிறதால ஒண்ணு ரெண்டு டிகிரி கம்மியா இருக்கலாம், அது தப்பில்ல. இதுல யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. அடுத்து 100 கிராம் இரும்பு போல்ட்டை நூல்ல கட்டி கொதிக்கிற தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் தொங்க விடுங்க, அது 100 டிகிரிக்கு வந்ததும் எடுத்து ஒரு உதறு உதறிட்டு 20 டிகிரியில இருக்கிற 100 கிராம் தண்ணிக்குள்ள போடுங்க. 60 வரும்னு தான் எல்லாரும் நினைப்பாங்க, வர்றது 28 கிட்ட தான். ஒரு கிராம் இரும்பை ஒரு டிகிரி ஏத்த 0.45 ஜூல் போதும், தண்ணிக்கு 4.2 ஜூல் வேணும், அதாவது இரும்பு 72 டிகிரி இறங்கி விட்ட ஆற்றலை வச்சு தண்ணி 8 டிகிரி கூட முழுசா ஏற முடியல. உதறச் சொன்னதும் இதனால தான், ஒட்டிக்கிட்டு வர்ற ஒவ்வொரு கிராம் வெந்நீரும் ஒரு கிராம் இரும்பை விட ஒன்பது மடங்கு ஆற்றலைக் கொண்டு வந்து கணக்கைக் கெடுத்துடும்.

இதுலருந்து தான் ஃபார்முலா: வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம். (ஒரு கிராமை ஒரு டிகிரி ஏத்த வேணும்னு மேல பார்த்த 0.45, 4.2 ஜூல் தான் தன்வெப்பம்.) வெப்பநிலை இதுல மூணுல ஒண்ணு தான்னு கவனிச்சீங்களா? அதை மட்டும் வச்சுக்கிட்டு வெப்பம் எவ்வளவுன்னு சொல்லவே முடியாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஐஸ் சோதனை. ஐஸை நல்லா நொறுக்கி பாத்திரத்துல போட்டு ரொம்ப சின்ன தீயில வச்சு விடாம கிளறிக்கிட்டே தெர்மாமீட்டரைப் பாருங்க, அடுப்பு வெப்பத்தைக் கொடுத்துக்கிட்டே இருக்கு ஆனா ஐஸ் மிச்சம் இருக்கிற வரைக்கும் முள் 0 கிட்டயே நிக்கும், முழுசா உருகினப்புறம் தான் மேல ஏற ஆரம்பிக்கும். போன ஆற்றல் மூலக்கூறுகளோட வேகத்தைக் கூட்டல, அதுங்களுக்கு நடுவுல இருந்த பிணைப்பைத் தளர்த்துறதுக்கு செலவாச்சு. ஒரு கிராம் ஐஸை உருக்க 334 ஜூல், அதே ஆற்றலை 0 டிகிரி தண்ணிக்கு கொடுத்தா கிட்டத்தட்ட 80 டிகிரி வரைக்கும் போயிடும்! 1760-கள்ல ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசஃப் பிளாக் இதை அளந்து பார்த்து தான் வெப்பமும் வெப்பநிலையும் வேற வேறன்னு தெளிவா காட்டினார், இப்படி வெப்பநிலையை ஏத்தாம நிலையை மாத்த மட்டும் செலவாகுற ஆற்றலுக்கு பேர் தான் உள்ளுறை வெப்பம்.

தொட்டுப் பார்த்து முடிவு பண்றதை மட்டும் நம்பாதீங்க. ராத்திரி முழுக்க ஒரே ரூம்ல கிடந்த இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலையில தான் இருக்கும், இரும்பு கையிலருந்து வெப்பத்தை வேகமா கடத்திட்டுப் போறதால ஜில்லுன்னு தெரியுது, அவ்வளவு தான்.

இன்னொரு இடத்துலயும் மார்க் போகும். 20 டிகிரி செல்சியஸ் 40 ஆனா வெப்பநிலை டபுள் ஆயிடுச்சுன்னு எழுதிடுறாங்க, கெல்வின்ல (செல்சியஸோட 273 கூட்டினா வர்ற அளவு) பார்த்தா 293 வெறும் 313 ஆகியிருக்கு. மடங்கு கேட்டா கெல்வினுக்கு மாத்துங்க, வித்தியாசம் மட்டும் கேட்டா எதுல வேணா போடலாம்.

எல்லாத்தையும் சேர்த்துப் பழக ஒரு கணக்கு: 100 டிகிரி கொதிநீர் ஒரு கிராம், 100 டிகிரி நீராவி ஒரு கிராம், ரெண்டும் தோல்ல பட்டு 37 டிகிரிக்கு வருது. கொதிநீர் விடுறது 4.2 × 63, சுமார் 265 ஜூல். நீராவி முதல்ல தண்ணியா மாறவே 2260 ஜூல் விடும், அப்புறம் இந்த 265-ம் சேர்ந்து 2525 ஜூல். தெர்மாமீட்டர் ரெண்டுக்கும் 100 தான் காட்டுச்சு.