நீலத் தாளில் தன்னுருவம்: ஜான் ரசலின் பேஸ்டல் முறை

ஓவியர் பிரான்சிஸ் கோட்ஸிடம் தொழில் கற்ற ஜான் ரசல் (1745–1806), பேஸ்டல் எனும் நிறப்பொடிக் குச்சியால் வரையும் ஆங்கில ஓவியர்களில் தலையானவர். தன் கைமுறையை 1772-ல் நூலாகவே வெளியிட்டார். அந்த முறையில் உங்கள் முகத்தை நீங்களே வரைவதற்கான வழி இது.

முதலில் குச்சிகள். கடையில் ‘பேஸ்டல்’ என்று மட்டும் கேட்டால் எண்ணெய்ப் பசையுள்ள ஆயில் பேஸ்டலைத் தந்துவிடுவார்கள். அது இதற்கு உதவாது. தொட்டால் பொடி உதிரும் சாஃப்ட் பேஸ்டல்தான் வேண்டும். அக்காலத்துக் கார்மைன் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிவிடும். அதற்குப் பதில் குவினாக்ரிடோன் சிவப்பு வாங்குங்கள்.

தாள் தடிமனான, சற்றே சொரசொரப்பான நீலத் தாள். அன்றைய மார்பளவு ஓவியங்களுக்கு 24 × 18 அங்குலம் வழக்கமான அளவு. நீலம் வெறும் பின்புலம் அல்ல. தோலின் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் ஒரு குளிர்ந்த சாம்பல் நிறம் ஓடும், கவனித்திருப்பீர்கள். அங்கே நிறத்தை மெல்லிசாகப் பூசினால் தாளின் நீலமே அந்த வேலையைச் செய்துவிடும். வெள்ளைத் தாளில் இது நடக்காது.

வலக்கைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். கையின் நிழல் தாளில் விழாது. ஜன்னலின் கீழ்ப்பகுதியைத் தரையிலிருந்து 6 அடி உயரம் வரை மறைத்துவிடுங்கள். ஒளி மேலிருந்து விழுந்தால்தான் மூக்கும் கண்குழியும் வடிவம் பெறும். முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் உருவத்தை அதன் மேலேயே அளந்து எடுக்காதீர்கள். எவ்வளவு தள்ளி நின்றாலும் கண்ணாடிப் பரப்பில் அது உங்கள் முகத்தில் பாதி அளவுதான். விகிதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரிக்குச்சியால் லேசாகக் கோடு போட்டபின், மூக்குத் துளையையும் நிழல் பக்க மூக்கோரத்தையும் சிவப்பால் குறியுங்கள். அடுத்து நெற்றியிலும் மூக்கிலும் மிக வெளிச்சமான இடங்கள். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே மற்ற நிறங்களைப் பொருத்துங்கள்.

இப்படி அடிநிறம் முடிந்த பிறகுதான் தாளைத் துணியில் ஒட்ட வேண்டும். ரசல் முறையின் உயிரே இதில்தான். 1 பங்கு மைதாவை 5 பங்கு நீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். ஓவியத்தைச் சுத்தமான பலகையில் முகம் கீழாக வைத்து, முதுகில் பசை தடவி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய காடாத் துணியை அதன்மேல் அழுத்துங்கள். திருப்பி, மேலே வெள்ளைத் தாள் வைத்து மெல்ல நீவிவிடுங்கள். ஈரம் ஊறுவதால் அடிநிறம் தாளைப் பிடித்துக்கொள்ளும். மேலே பூசுவதும் நன்றாக நிற்கும். முழுதும் காயும்வரை தொடக் கூடாது. பசை திட்டுத்திட்டாக இருந்தால் காயும்போது சுருக்கம் விழும்.

பிறகு நிறத்தின் மேல் நிறம். விரலால் தேய்ப்பதை முடிந்தவரை குறையுங்கள். தேய்க்கத் தேய்க்கத் தாளின் சொரசொரப்பு அடைபட்டு, அடுத்த நிறம் ஏறாமல் வழுக்கும். முகமும் மாவு பூசியது போல் ஆகிவிடும். அப்படி ஆன இடத்தில் காய்ந்த தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டு மீண்டும் பூசுங்கள். கண்ணின் வெள்ளைக்கு வெள்ளைக் குச்சி வேண்டாம், வெளிர் சாம்பல் போதும். கருவிழியின் ஒளிப்புள்ளி கடைசியில்.

உதிர்ந்த பொடியை வாயால் ஊதாதீர்கள், மூச்சில் போகும். பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தையும் தெளிக்காதீர்கள். பொடித் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிடத்தை அது நிரப்பிவிடுவதால் நிறம் கறுத்து, பேஸ்டலுக்கே உரிய வெல்வெட் மினுக்கம் போய்விடும். பாதுகாப்பு கண்ணாடிச் சட்டம்தான். ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். அக்ரிலிக் தகடு போட்டால் அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். நேர் வெயில் படும் சுவரும் ஈரச் சுவரும் ஆகாது: ஒன்றில் நீலத் தாள் பழுப்பேறும், மற்றதில் பூஞ்சை பிடிக்கும்.