12 அடி இருகை ராடுக்கு எந்த ரீல்? எண்ணூர்க் கரையில் வீசப் போறவங்களுக்கு

திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கல்லு மேலயும் எண்ணூர் முகத்துவாரத்துலயும் ரெண்டு கையாலயும் பிடிச்சு வீசுற நீள ராடோட வர்ற பசங்க இப்ப அதிகம். ராடை நாலு பேரைக் கேட்டு வாங்குறாங்க. ரீலை மட்டும் மேல போட்டிருக்கிற நம்பரைப் பார்த்து எடுத்துடுறாங்க. "அண்ணா, 6000 போதுமா, 8000 எடுக்கணுமா?"

நம்பரை விடுங்க. ஒரு கம்பெனியோட 6000 இன்னொரு கம்பெனியோட 8000 அளவுக்கு இருக்கும். எத்தனை கிராம், எவ்வளவு நூல் கொள்ளும், ஸ்பூல் (நூல் சுத்துற உருளை) வாய் எவ்வளவு அகலம்னு பாருங்க. முள் கட்டுறது, இரை கோக்குறது எல்லாம் தெரியும்னு வெச்சுக்கிட்டு நேரா ரீலுக்கு வர்றேன்.

1. முதல்ல ராடைப் படிங்க

கைப்பிடிக்கு மேல 100–200 கிராம்னோ 80–150 கிராம்னோ எழுதியிருக்கும். அந்த ராடு தாங்கி வீசுற ஈயத்தோட எடை அது. நம்ம கரையில அலையும் நீரோட்டமும் இழுக்கிற இழுப்புக்கு 100 கிராமுக்குக் கீழ ஈயம் தரையில நிக்கிறது கஷ்டம். நூல், லீடர் (நூலுக்கு முன்னாடி கட்டுற தடிமனான நூல்) எல்லாம் இந்த எடையை வெச்சுத்தான் முடிவாகும், ரீலும் அதுக்குப் பின்னாடிதான்.

2. வாங்குறதுக்கு முன்னாடியே எடை பாருங்க

இந்த இடத்துலதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. ராடை மாட்டி, ஈயம் கட்டாம, ரீல் சீட்டுக்கு (ரீல் மாட்டுற இடம்) அடியில, ரீலுக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் பையில 450 கிராம் உப்பு போட்டு ரப்பர் பேண்டால கட்டுங்க. சீட்டுக்கு முன்னாடி ஒத்தை விரலை அடியில கொடுத்து, எங்க சமமா நிக்குதுன்னு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்க. இப்ப பெரிய ரீலுக்குப் பதிலா 700 கிராம் உப்பு போட்டு இன்னொரு கோடு.

ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பார்த்தா ஆச்சரியப்படுவீங்க. ராடு 400 கிராம், அதோட சொந்த நடுப்புள்ளி அடியில இருந்து 130 செ.மீ., ரீல் சீட் 70 செ.மீ.ன்னு வெச்சுக் கணக்குப் போட்டா, 450 கிராம் ரீல்ல சமமா நிக்கிற புள்ளி 98 செ.மீ.ல வரும். 700 கிராம் ரீல்ல 92. கால் கிலோ கூட்டியும் நகர்ந்தது ஆறே சென்டிமீட்டர்! ரீல் உட்கார்ற இடம் அந்தப் புள்ளிக்குக் கிட்டவே இருக்கிறதால அதோட எடை பெருசா நெம்பாது.

அதனால "நுனி கனமா இருக்கு, பெரிய ரீல் போட்டா சரியாயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதே 450 கிராம் ரீலோட, அடிமுனை ரப்பர் மூடிக்குள்ள 100 கிராம் ஈயத் தகடு வெச்சா புள்ளி 88க்கு வந்துடும். செலவு கம்மி, கையில தூக்குற மொத்த எடையும் கம்மி.

சீட்டுக்கு முன்னாடி ஒரு சாண் தூரத்துக்குள்ள புள்ளி நின்னா போதும். இரை போட்டு ராடை ஸ்டாண்டுல சாத்திட்டு உட்கார்றவங்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். கொடுவாக்கும் பாறைக்கும் விடியக்காலையில இருந்து லூர் (போலி இரை) வீசிக்கிட்டே இருக்கிறவங்களுக்குத்தான் இது முக்கியம்.

3. ஸ்பூல் வாயும் முதல் வளையமும்

ராடுல ரீலுக்குப் பக்கத்துல இருக்கிற முதல் வளையத்தைப் பாருங்க. ஸ்பூல்ல இருந்து நூல் சுருள் சுருளா வந்து அந்த ஓட்டைக்குள்ளதான் அடங்கணும். சின்ன வளையம், அகலமான ஸ்பூல்னா நூல் அங்க அடிச்சுக்கிட்டு தூரம் போகாது. வடகிழக்குப் பருவத்துல காத்து நேரா முகத்துக்கு வரும், அப்ப இந்தக் குறை இன்னும் நல்லாத் தெரியும். ரீல் தண்டு உங்க விரல் இடுக்குல வலிக்காம உட்காருதான்னும் பார்த்துக்கோங்க.

4. நூல்

கரையில இருந்து வீச 30 பவுண்டு இழுப்பு தாங்குற பிரெய்டு (பின்னல் நூல்) 250, 300 மீட்டர் தாராளம். பிரெய்டை நேரா ஸ்பூல்ல சுத்தாதீங்க, மொத்தக் கட்டும் வழுக்கிச் சுத்தும். அடியில தங்கூசி (ஒத்தை இழை நைலான் நூல்) வேணும். எவ்வளவுன்னு குழப்பமா இருந்தா தலைகீழாச் செய்யுங்க: முதல்ல பிரெய்டைச் சுத்தி, மேல தங்கூசியை ரொப்புங்க. விளிம்புக்கு ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்க. அப்புறம் எல்லாத்தையும் உருவி எடுத்து மறுமுனையில இருந்து சுத்துங்க. ரொம்ப ரொப்பிட்டா காத்துல சிக்கல் முடிச்சு விழும், குறைச்சா தூரம் போச்சு.

முன்னாடி கட்டாயம் தடிமனான லீடர். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு. 112 கிராம் வீசினா 40 பவுண்டு, நான் 50 போடுவேன். ராடு நீளத்துல ரெண்டு மடங்கு, ஸ்பூல்ல நாலைஞ்சு சுத்து இருக்கட்டும். ஈயம் அறுந்து பறந்தா பின்னாடி நிக்கிறவன் மண்டை. கல்லு மேல கூட்டமா நிக்கிற நாள்ல இதுல விளையாடாதீங்க.

5. டிராக்

மீன் இழுக்கும்போது நூல் அறுகாம ரீல் விட்டுக்கொடுக்கிற பிடிதான் டிராக். அட்டையில 20 கிலோ டிராக்னு போட்டிருந்தா மயங்க வேண்டாம். 30 பவுண்டுன்னா 13.6 கிலோ, அதுல கால்வாசி, மூணரை கிலோ போதும். லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற தராசை நூல் நுனியில மாட்டி இழுத்து வெச்சுக்கோங்க. வீசும்போது மட்டும் டிராக்கை முழுசா இறுக்கணும். இல்லேன்னா ஸ்பூல் சுத்தி, பிரெய்டு ஆள்காட்டி விரலைக் கிழிச்சுடும். சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ணை விரல்ல மாட்டிக்கோங்க.

"17 பேரிங்"னு விளம்பரம் பண்ற மலிவு ரீலை நான் தொட மாட்டேன். உப்புத் தண்ணியில அதெல்லாம் துருப்பிடிக்க 17 இடம். கனம் பரவாயில்லேன்னா பென் ஸ்பின்ஃபிஷர், உப்புத் தண்ணி உள்ள போகாத மாதிரி சீல் பண்ணினது. ஈயமும் தங்கூசியும் காசிமேடு வலைக்கடையிலேயே வாங்கிக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாய்த் தண்ணியை மெதுவா மேல ஊத்துங்க. வேகமா அடிச்சா உப்பு உள்ளதான் போகும். காஞ்சதும் டிராக்கைத் தளர்த்தி வைங்க.

பின்சேர்க்கை: கப்பல்ல வேலை பார்க்கிற மாமா இருகை ஃபிளை ராடு ஒண்ணு கொண்டுவந்து கொடுத்திருக்காரு, 8 எண் (அந்த ராடுக்கான நூலோட எடையைச் சொல்ற நம்பர்), அதுக்கும் இதே கணக்கான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. இல்லை தம்பி. ஸ்காட்லாந்துல ஸ்பே ஆத்துப் பக்கம் வளர்ந்த முறை அது. அங்க வீசுறதுக்கு எடை தர்றதே நூல்தான். அந்த நூலோட முன்பாகம், அதாவது தலைநூல், தடியா இருக்கும், ரீல்ல நிறைய இடம் பிடிக்கும். அதனால ஒருகை ராடு கணக்குல 10 எண் போட்ட ரீலா எடுங்க. சுத்திலும் முழுச் சட்டம் உள்ளதாப் பாருங்க, இல்லேன்னா தலைநூலுக்குப் பின்னாடி வர்ற மெல்லிய நூல் ஸ்பூல் இடுக்குல நழுவிப் போய் மாட்டிக்கும். முகத்துவாரத்துல வீசுறதா இருந்தா டிராக் சீல் பண்ணினதுதான் வேணும். உப்புப் பை சோதனையை அதுக்கும் செய்யலாம், ஆனா வெளிய விடுற அளவு நூலை வளையங்கள் வழியா இழுத்துத் தொங்கவிட்டு, மேல்கை பிடிக்கிற இடத்துல சமமா நிக்குதான்னு பாருங்க.