ஷார்டொனே பிளைண்ட் டேஸ்டிங்: நண்பர்கள் கூடினால் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

எந்த ஒயின் என்று தெரியாமல் சுவைத்து மதிப்பிடுவதுதான் பிளைண்ட் டேஸ்டிங். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிவிட்டால் அது ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எட்டு நண்பர்கள், ஷார்டொனே என்ற வெள்ளை ஒயினில் ஆறு பாட்டில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "எல்லாம் ஒரே மாதிரிதான்பா இருக்கு" என்று கைவிரிப்பார்கள். இல்லையென்றால், முதல் கிளாஸிலேயே விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொன்னதை மற்ற ஏழு பேரும் வழிமொழிந்திருப்பார்கள். இதற்கு நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு ஏற்பாட்டில்தான். அதிலும் ஷார்டொனேவுக்கென்றே சில கோளாறுகள் உண்டு.

ரீஸ்லிங், சோவின்யோன் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயின்கள் மூக்கருகே கொண்டுபோனதுமே தாம் யார் என்று சொல்லிவிடும். ஷார்டொனே அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பினோ நுவார் என்ற கருந்திராட்சைக்கும் குவே பிளாங் என்ற பழைய ரகத்துக்கும் பிறந்த பிள்ளை இந்தத் திராட்சை என்று 1999-இல் மரபணு ஆய்வு காட்டியது. இதற்குச் சொந்த வாசனை குறைவு. கிளாஸில் நாம் முகர்வது பெரும்பாலும் விளைந்த இடத்தின் தட்பவெப்பத்தையும் தயாரித்தவரின் கைவேலையையும்தான். பிரான்ஸின் ஷாப்லியில் குளிர் அதிகம், பல தயாரிப்பாளர்கள் எஃகுத் தொட்டியில்தான் நொதிக்க விடுவார்கள். அங்கே எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஈரச் சுண்ணாம்புக் கல். கலிஃபோர்னியாவின் வெயிலில் பழுத்து, புது ஓக் பீப்பாயில் கிடந்தது என்றால் அன்னாசி, வனிலா, வெண்ணெய். இந்த வெண்ணெய் திராட்சையில் இருப்பதே இல்லை. ஒயினில் உள்ள மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டயசெட்டில் என்றொரு பொருள் உண்டாகிறது, அதன் வாசனை அது.

ஆகவே முதல் தவறு, கேள்வியே இல்லாமல் பாட்டில் சேர்ப்பது. "ஆளுக்கொரு ஷார்டொனே எடுத்துட்டு வாங்க" என்று சொன்னால் ஷாப்லி ஒன்று, ஆஸ்திரேலியா ஒன்று, பத்து வருஷப் பழசு ஒன்று, சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி ஒன்று என்று வந்து சேரும். ஓக் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர எதையும் அந்தக் கூட்டத்தில் தெரிந்துகொள்ள முடியாது. முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள். ஒரே விலையில் பிரான்ஸின் பர்கண்டியும் ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரும் எப்படி இருக்கும்? ஷாப்லியில் சாதாரணத்துக்கும் கிராண்ட் க்ரூ என்ற உச்சத் தரத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிகிறதா? ஒரே ஊர், ஒரே வருஷம், ஓக் இருப்பதும் இல்லாததும்? இப்படி ஒன்று போதும்.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி கலிஃபோர்னியாவையும் பிரான்ஸையும் மோதவிட்டு நடத்திய போட்டி இன்றைக்கும் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளை ஒயின் வரிசையில் பத்தும் ஷார்டொனே, ஆறு கலிஃபோர்னியா, நான்கு பர்கண்டி, எல்லாம் 1972 முதல் 1974 வரையிலான அறுவடை. கேள்வி தெளிவாக இருந்ததால் பதிலும் உறைத்தது. கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா 1973 முதலிடம், பர்கண்டியின் ரூலோ தயாரித்த மெர்சோ ஷார்ம் இரண்டாமிடம். கலிஃபோர்னியாவின் நாப்பா ஷார்டொனே ஒன்றைச் சுவைத்துவிட்டு ஒரு நடுவர் "ஆஹா, பிரான்ஸுக்குத் திரும்பியாயிற்று" என்றாராம். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், தொழிலில் ஊறியவர்கள். நாமெல்லாம் எம்மாத்திரம் என்று தைரியமாக உட்காரலாம்.

அடுத்தது மறைப்பது. லேபிளை மட்டும் மறைத்தால் போதாது. பர்கண்டி பாட்டிலின் தோள் சரிந்திருக்கும். பகட்டான கலிஃபோர்னியா பாட்டில் கையில் எடுத்தாலே கனக்கும். திருகு மூடி திறக்கும்போது வரும் 'கடக்' சத்தம் "இது ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ" என்று பாதி ரகசியத்தை உடைத்துவிடும். கழுத்தில் ஒட்டியிருக்கும் தங்க நிறத் தகடும் காட்டிக்கொடுக்கும். சமையலறையில் எல்லாவற்றையும் திறந்து, ஒரே மாதிரி ஜக்குகளில் ஊற்றி வெளியே கொண்டுவருவதே நல்லது. பாட்டிலிலிருந்தே ஊற்றுவதானால் மூடியையும் கழுத்துத் தகட்டையும் எடுத்துவிட்டு வாய் வரை ஃபாயில் சுற்றுங்கள். சுற்றுபவர் ஒருவர், வரிசையைக் கலைத்து எண் போடுபவர் வேறொருவர் என்று பிரித்துக்கொண்டால் எந்த எண் எந்த ஒயின் என்று யாருக்குமே தெரியாது. பாட்டில் வாங்கிய வீட்டுக்காரர் மதிப்பெண் போடலாமா என்று ஒரு சச்சரவு எப்போதும் வரும். என்னைக் கேட்டால் போடட்டும், கூட்டலில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

ஷார்டொனே கூட்டங்களை அதிகம் கெடுப்பது ஃப்ரிட்ஜ்தான். வெள்ளை ஒயின் என்றாலே சில்லென்று இருக்க வேண்டும் என்ற நினைப்பு. நாலைந்து டிகிரியில் ஊற்றினால் புளிப்பு மட்டும் நாக்கில் குத்தும், வாசனை எல்லாம் அடங்கிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரசத்தில் பெருங்காயம் தெரியுமா? மலிவானதும் விலை உயர்ந்ததும் ஒன்றுபோல் தோன்றுவது பாதிக்குப் பாதி இதனால்தான். ஓக் ஏறிய ஷார்டொனேவுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி சரியாக இருக்கும், ஷாப்லிக்குச் சற்றுக் குறைவாக. கலந்து வைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் சுமார் பதினொன்று என்று வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவிலும் இன்னொன்று உள்ளே ஆழத்திலும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது ஒயினை அல்ல, ஃப்ரிட்ஜின் இரண்டு மூலைகளை. அந்தப் பக்கம் அளவு மீறினாலும் வம்பு. இருபது டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைத் தாக்கும்.

வரிசையும் முக்கியம். வெண்ணெயும் வனிலாவுமாக ஒன்றைக் குடித்த கையோடு ஷாப்லியைக் குடித்தால் அது தண்ணீர் மாதிரி இருக்கும். எல்லா கிளாஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, முன்னும் பின்னும் போய் வர முடிந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ஆனால் எட்டுப் பேருக்கு ஆறு என்றால் நாற்பத்தெட்டு கிளாஸ், எந்த வீட்டில் இருக்கிறது? மூன்று மூன்றாக இரண்டு சுற்று வையுங்கள். ஆளுக்கு 50 மில்லி போதும். 750 மில்லி பாட்டிலில் எட்டுப் பேருக்கு 400 போனாலும் மீதி 350 இருக்கும், சந்தேகம் வந்தால் மறுபடி கேட்கலாம்.

சென்ட், ஊதுவத்தி, கொசுவத்தி, அடுப்பில் தாளிப்பு எல்லாம் அன்றைக்கு விடுமுறை. மேஜையில் வெறும் பிரெட்டும் தண்ணீரும் போதும். மிக்சரும் காரச் சேவும் பாட்டில்களைப் பிரித்த பிறகு வரட்டும்.

துப்புவதற்கு ஏற்பாடு செய்யாமல் விடுவதும் பெரிய தவறு. நாலு பேர் முன்னால் துப்புவது நமக்குக் கூச்சம், எச்சில் என்று வளர்ந்தவர்கள். ஆனால் ஆறு ஒயின், ஐம்பது ஐம்பது மில்லி என்றால் 300 மில்லி. 13 சதவீதத்தில் கிட்டத்தட்ட 31 கிராம் ஆல்கஹால். ஐந்தாவது கிளாஸுக்கு வரும்போது எல்லாமே அருமையாக இருக்கும், மதிப்பெண்ணும் தாராளமாக விழும். வண்டி ஓட்ட வேண்டியவர்கள் பாடு தனி. உள்ளே தெரியாத காகிதக் கோப்பை ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் கூச்சம் பாதி போய்விடும்.

பேச்சு. இது இல்லாமல் நண்பர்கள் கூட்டம் இல்லை, ஆனால் டேஸ்டிங்கைக் கொல்வதும் இதுதான். ஒருவர் "வெண்ணெய் வாசனை" என்று வாய்விட்டுச் சொன்ன நொடியில் மேஜையைச் சுற்றிலும் வெண்ணெய் உருகத் தொடங்கும். கண்ணே நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு பிரான்ஸின் போர்டோவில் ஆய்வாளர் ஃப்ரெடெரிக் ப்ரோஷே குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு சாட்சி. ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். ஷார்டொனேவில் இதே வேலையைத் தங்க நிறம் செய்யும். நிறம் அடர்ந்திருந்தால் விலை அதிகம் என்று மனசு தீர்மானித்துவிடும். பீப்பாயினாலும் அது வரலாம், வயதினாலும் வரலாம், காற்றுப் பட்டுக் கெட்டுப்போனதாலும் வரலாம். எனவே எல்லோரும் எழுதி முடிக்கும்வரை மௌனம், பிறகு பேச்சு. விஷயம் தெரிந்தவர் கடைசியில் பேசட்டும்.

கெட்ட பாட்டிலுக்கு மதிப்பெண் போடுவது இன்னொரு வேடிக்கை. கார்க்கில் டிசிஏ என்ற பொருள் ஏறியிருந்தால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும், பழ வாசனை செத்துப்போகும். சிலர் மரியாதைக்கு "மண் வாசனை, நல்ல சிக்கலான ஒயின்" என்று எழுதி வைப்பார்கள். ஊற்றுபவர் முன்கூட்டியே ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட வேண்டும். கைவசம் மாற்று பாட்டில் ஒன்று இருந்தால் நல்லது.

கடைசியாகக் கணக்கு. சராசரி எடுத்து "நாலாம் நம்பர் வென்றது" என்று முடித்துவிடுகிறார்கள். ஓக் ஏறிய ஷார்டொனேவைப் பாதிப் பேர் கொண்டாடுவார்கள், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சராசரியில் அது நடுவில் போய் நிற்கும், யாருக்கும் அது நடுத்தர ஒயினாக இருந்திராது. ஒவ்வொருவரும் முதலிடம், கடைசி இடம் எதற்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள், அங்கேதான் பேச நிறைய இருக்கும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள், இதுதான் எனக்குப் பிடித்தது: யாருக்கும் சொல்லாமல் ஒரே ஒயினை இரண்டு எண்களில் வைப்பது. ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். உங்கள் மேஜையில் இரண்டாம் எண்ணுக்கு 17-உம் ஐந்தாம் எண்ணுக்கு 12-உம் போட்டவர், இரண்டும் ஒன்று என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டார். அவரை ஓட்டாதீர்கள், அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். ஆனால் அந்த ஐந்து மதிப்பெண் இடைவெளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால் யார் ஜெயித்தார் என்று சண்டை போட எதுவும் இல்லை.

பாட்டில்களை ஒவ்வொன்றாக நடுவில் பிரிக்காமல், எல்லாச் சீட்டும் கைக்கு வந்த பிறகு மொத்தமாகப் பிரியுங்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மீதமுள்ள ஜக்குகளை மேஜை நடுவில் வைத்துவிடுங்கள். எது முதலில் காலியாகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மதிப்பெண்ணில் முதலில் வந்ததாக இருக்காது, வறுத்த மீனோடு சரியாகப் போகிற, இரண்டாமிடமோ மூன்றாமிடமோ வாங்கிய ஒன்றாக இருக்கும். அடுத்த முறை வாங்க வேண்டியதும் அதைத்தான்.